பட்டா ஒருவர் பேரில், சாகுபடி ஒருவர் கையில்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



"மருத நிலத்துச் சிற்றூர் வாழ்க்கை" என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, இருபது நிமிஷம் பேசு என்று சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்தவுடனே ஆம்பலும் குவளையும் எருமையும் நாரையும் வரப் போகிறது என்று நினைத்திருப்பீர்கள். அதையெல்லாம் தமிழ்த் துறை ஐயாமார்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பது வருஷம் லெட்ஜர் எழுதினவன். எனக்குத் தெரிந்தது சிட்டா, அடங்கல், நகைக் கடன், பயிர்க் கடன். அந்த ஜன்னல் வழியாகத்தான் எனக்கு ஊரைப் பார்க்கத் தெரியும்.

மன்னார்குடி மாதிரி ஒரு டவுன் எதனாலே நிற்கிறது? கோயில் பாதி, குளம் பாதி என்று நம்ம ஊரைப் பற்றிச் சொல்வார்கள். சரிதான். 1866-லேயே நகராட்சி ஆன ஊர் என்று பெருமையும் பேசலாம். ஆனால் பந்தலடியில் கடை வைத்திருக்கிறவரைக் கேட்டால் வேறு பதில் சொல்வார். "ஆத்துல தண்ணி வந்தா எனக்கு யாவாரம்" என்பார். அவர் ஜவுளிக்கடை வைத்திருப்பார். ஆற்றுத் தண்ணீருக்கும் ஜவுளிக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரனுக்குப் புரியாது. நமக்குப் புரியும்.

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தால் கல்லணையில் 15, 16-ல் திறப்பார்கள். வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, பாமணியாற்றில் நம்ம ஊருக்கு வரும். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாளாகும். தண்ணீர் புறப்பட்ட சேதி கேட்டதுமே எங்கள் சங்கத்து வாசலில் கூட்டம் கூடிவிடும். சுருக்குப்பையிலிருந்து தோடும், தாலிக்கொடியும், குழந்தையின் காப்பும் வெளியே வரும். ஆனியில் உள்ளே போகிற நகை தையில், மாசியில் வெளியே வரும். நடுவில் ஆறேழு மாசம் எங்கள் இரும்புப் பெட்டியிலும், கடைத்தெரு அடகுக்கடைகளிலும் இந்தத் தாலுகாவின் தங்கம் தூங்கும். அந்தப் பணம் உரக்கடைக்கும், விதைக்கும், டிராக்டர் வாடகைக்கும், நடவு ஆட்களுக்கும் போகும். குறுவை அறுத்தால் தீபாவளிக்குத் துணி. சம்பா அறுத்தால் தை மாசி முகூர்த்தங்களுக்குப் பாத்திரம், பந்தல், மேளம். கடைத்தெருவுக்குக் காலண்டர் என்று தனியாக ஒன்று கிடையாது, வாய்க்கால்தான் காலண்டர்.

அந்தக் காலண்டர் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ஐக் காட்டவே இல்லை. ஒரு வருஷம் ஆகஸ்டில் திறந்தார்கள், ஒரு வருஷம் செப்டம்பர், 2017-ல் அக்டோபர் வரைக்கும் போயிற்று. 2020-ல்தான் மறுபடி அந்தத் தேதி வந்தது. 2024-ல் மறுபடி ஜூலைக் கடைசி. 2025-ல் ஜூன் 12. பம்பு செட் உள்ளவர் குறுவை போட்டார், இல்லாதவர் வானத்தைப் பார்த்தார். காவிரி வழக்கு, நடுவர் மன்றம், 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குள் நான் போகவில்லை. அதைப் பற்றிப் பேச நம்ம ஊரில் டீக்கடைக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்தத் தண்ணீரை மடை திறந்து வயலுக்கு விடுகிற ஆள் யார் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2001-க்கும் 2011-க்கும் நடுவில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 15.6 சதவீதம் கூடியது. நம்ம திருவாரூர் மாவட்டம் கூடியது 8 சதவீதம்தான். மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1017 பெண்கள். நூற்றுக்கு எண்பது பேர் கிராமத்தில். பெண் குழந்தைகளை நன்றாக வளர்க்கிறோம் என்று அந்த 1017-ஐச் சொல்லிச் சந்தோஷப்படலாம். ஆனால் அதில் ஒரு பங்கு, திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன ஆண்களின் கணக்கு. பல வருஷம் தண்டவாளமே இல்லாமல் கிடந்த ஊருக்கு 2011-ல் மன்னை எக்ஸ்பிரஸ் வந்தது. எல்லாரும் மாலை போட்டுக் கும்பிட்டோம். ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். வருவதற்கும் அதே வண்டிதான், போவதற்கும் அதே வண்டிதான். எதற்கு அதிகம் பயன்பட்டது என்று நான் சொல்ல வேண்டாம். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் நேற்று ராத்திரி அதில்தான் வந்திருப்பீர்கள்.

போனவர்களைக் குறை சொல்ல நான் மைக்கைப் பிடிக்கவில்லை. படித்த பிள்ளை வெளியே போகத்தான் செய்யும். போனது நல்லது என்றுகூடச் சொல்வேன். அனுப்பின பணத்தில்தான் பல ஓட்டு வீடு மாடி வீடாயிற்று, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆனால் ஆள் போயிற்று, நிலம் போகவில்லை. நிலத்தைச் சூட்கேஸில் வைத்துக் கொண்டு போக முடியாதே! அப்பா பேரில், தாத்தா பேரில் பட்டா இருக்கிறது. சிலருக்கு இன்னும் கூட்டுப் பட்டா. நிலத்தைப் பக்கத்துத் தெருக்காரர் பார்த்துக் கொள்கிறார். "பார்த்துக் கொள்கிறார்" என்றால் குத்தகை. மாவுக்கு மூணு மூட்டை, நாலு மூட்டை என்று வாயால் பேசினது. ஊருக்கு ஊர், வயலுக்கு வயல் மாறும். இப்போது மூட்டைக்குப் பதில் ரூபாயாகவே கணக்கு வைத்து ஜி-பேயில் அனுப்புகிறார்கள். (தம்பிகளுக்காகச் சொல்கிறேன், மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் இப்போது காணோம்.)

இந்தக் குத்தகைக்குக் காகிதம் கிடையாது. நாணயம்தான் காகிதம். நாணயத்துக்கு ஒன்றும் குறைவில்லை, என் அனுபவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொன்ன நெல்லைச் சொன்னபடி கொடுக்கிறவர்கள்தான். சிக்கல் நெல் கொடுப்பதில் இல்லை, மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

பயிர்க் கடன் வேண்டும் என்று ஒருத்தர் எங்கள் சங்கத்துக்கு வருகிறார். சிட்டா, அடங்கல் கேட்போம். சிட்டாவில் பேர் சென்னையில் இருக்கிறவருடையது. அடங்கலிலும் பல ஊரில் அதே பேர்தான் ஏறியிருக்கும். வந்தவர் பேர் எங்கேயும் இல்லை. கடன் இல்லை. அப்புறம் அந்த நகை, அல்லது கந்து வட்டி. 2021-ல் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆனபோது ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள். கடனே வாங்க முடியாதவருக்கு என்ன தள்ளுபடி? அவர் வாங்கினது கந்து வட்டி. அதை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

2019-லிருந்து வருகிற பிரதமரின் ஆறாயிரம் ரூபாய் திட்டமும் நிலம் பேரில் உள்ள குடும்பத்துக்குத்தான். குத்தகைக்காரருக்கு அதில் இடமே கிடையாது. கொள்முதல் நிலையத்தில் ஆன்லைனில் பதிய வேண்டும், அதற்கும் அடங்கல், அதைக் கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்க வேண்டும், பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். 2025 செப்டம்பரிலிருந்து சன்ன ரகம் குவிண்டால் 2545 ரூபாய், சாதா ரகம் 2500. காகிதம் இல்லாதவர் அந்த விலையைப் போர்டில் படித்துவிட்டு வியாபாரியிடம் குறைத்துப் போட்டுவிட்டு வருகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே, பயிர் அழியும்போதுதான் இது உறைக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல். அன்றைக்கு விடிந்தபோது வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னை மரம் படுத்துக் கிடந்தது. நம்ம தாலுகாவிலும் அடி. 2021 ஜனவரியில் பருவம் தவறின மழை, கதிர் வயலிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுக்கிற நேரத்தில் மறுபடி மழை. ஒவ்வொரு தடவையும் நிவாரணம் வந்தது. வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது யார் கணக்குக்கு வந்தது என்பதுதான் கேள்வி. பல ஊரில் பட்டா யார் பேரிலோ அவர் கணக்குக்கு வந்தது. சென்னையில், பெங்களூரில் ஒருத்தர் செல்போனில் திடீரென்று ஒரு தொகை ஏறியிருக்கும். எதற்கு வந்தது என்றுகூடச் சிலருக்குத் தெரிந்திருக்காது. இங்கே ஒருத்தர் முளைத்த நெல்லைக் கையில் வைத்துக் கொண்டு நிற்பார். பணத்தை அப்படியே திருப்பி அனுப்பின நண்பர்களையும் எனக்குத் தெரியும். இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கை தட்டினால் கோபித்துக் கொள்வார்கள், அதனால் பேர் சொல்லவில்லை.

இத்தனைக்கும் 2016-ல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரையும் வாரதாரரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சம்பா போன்ற பயிருக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். கட்டாதது காசு இல்லாததால் இல்லை. சாகுபடி செய்கிறவர் இவர்தான் என்று காட்ட ஒரு காகிதம் இல்லாததால்.

சரி, அந்தக் காகிதத்தைக் கொடுத்தால் என்ன? கேட்டுப் பார்த்திருக்கிறேன். "பேரை ஏத்தினா நிலம் போயிடும்யா" என்பார்கள். இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது, அதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1952-ல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம், மறு வருஷம் நியாய வாரச் சட்டம். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள், கூலி நெல் தகராறு. 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், 1971-ல் குடியிருப்புச் சட்டம். இந்தச் சட்டங்களெல்லாம் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததல்ல. இந்த மண்ணில் உயிர் போன பிறகு வந்தவையும் இதில் உண்டு. குத்தகைப் பதிவேட்டில் பேர் ஏறிவிட்டால் அவரைச் சுலபமாக வெளியேற்ற முடியாது. அதற்காகத்தான் அந்தச் சட்டமே. வருவாய் நீதிமன்றத்துக்கு அப்பா நடந்ததைப் பார்த்த பிள்ளை பயப்படத்தான் செய்வான்.

பயத்தின் பலன் என்ன ஆயிற்று? குத்தகைக்காரர் பேர் எதிலும் ஏறக் கூடாது என்பதற்காக ஆளை மாற்றி மாற்றி விடுகிறார்கள். இரண்டு வருஷம் இவர், இரண்டு வருஷம் அவர். அடுத்த வருஷம் வயல் நம்மிடம் இருக்குமோ இருக்காதோ என்று தெரியாதவர் வரப்பை வெட்டிக் கட்டுவாரா, தொழு உரம் அடிப்பாரா? மூட்டை உரத்தைக் கொட்டி அந்தப் போகத்தை எடுத்துக் கொண்டு போவார். மண் கெட்டால் உங்கள் மண்தான் கெடுகிறது.

மீத்தேன் திட்டத்துக்கு எதிராக நம்ம பக்கம் எவ்வளவு போராட்டம்! வெளிநாட்டில் இருந்த நம் மாணவர்கள்கூடக் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். 2015-ல் மாநில அரசு அதற்குத் தடை போட்டது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமே வந்தது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் மண்ணைப் பாதுகாக்கிறது. மண்ணில் நிற்கிறவருக்கு அதில் ஒரு வரி இல்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், கொஞ்சம் விலகிப் போகிற மாதிரி இருந்தாலும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, ஈரம் இருக்கும்போதே நெற்பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்து விடுவது நம்ம பக்கத்து வழக்கம். ஆள் இறங்கி அரிவாளால் அறுத்த காலத்தில் நெல் போனதும் உளுந்து தலை தூக்கும். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், பனியிலேயே விளையும். மாசி பங்குனியில் பெண்கள் இறங்கிப் பறித்துக் கொடுத்துவிட்டு, கூலியாக ஒரு பங்கு உளுந்தையே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அந்த வருஷத்து இட்லி அதுதான். இப்போது சேலம், ஆத்தூர்ப் பக்கமிருந்து அறுவடை மிஷின் வருகிறது. ஈர வயலில் பெல்ட் வண்டி, காய்ந்த வயலில் டயர் வண்டி. ஒரு மணி நேரத்தில் ஏக்கர் முடிந்தது. மிஷின் வேண்டாம் என்று எவனும் சொல்ல முடியாது. அறுக்க ஆளும் இல்லை, மழைக்கு முன்னால் எடுக்கவும் வேண்டும். ஆனால் முளைத்து நிற்கிற உளுந்து சக்கரத்தில் நசுங்கிப் போகிறது. அதனால் பல பேர் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். நடவும் மிஷினுக்குப் போகிறது, இல்லாவிட்டால் நேரடி விதைப்பு. வைக்கோலையும் மிஷின் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது, மாடும் குறைந்தது. இதில் அதிகம் இழந்தது யார் என்றால் நிலமில்லாத பெண்கள். நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு மா, மூணு மா குத்தகைக்குப் பிடித்துத் தாங்களே சாகுபடி செய்கிற பெண்களை இப்போது பார்க்கிறேன். அவர்கள் பேர் அடங்கலில் ஏறுவது இன்னும் கஷ்டம். "வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்று கேட்பார்கள். அவர் திருப்பூரில் இருப்பார்.

ஆகவே வெளியூர் நண்பர்களிடம் என் விண்ணப்பம் இது. நிலத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. குத்தகைப் பதிவேடு வேறு, அடங்கல் வேறு. அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2, இந்தப் பசலியில் இந்த வயலில் என்ன பயிர், யார் சாகுபடி என்று எழுதுவது. அதில் உண்மையை எழுதச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கேட்டால், ஆமாம் இவர்தான் பயிர் வைத்திருக்கிறார் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சட்டப் பயம் இருந்தால் நம்ம சங்கத்திலேயே நாலு வக்கீல்கள் உறுப்பினராக இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டி வாசகத்தை எழுதிக் கொள்ளுங்கள். வக்கீல்களிடமும் கேட்டுவிட்டேன், காசு வாங்க மாட்டார்களாம். சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் கடைசித் தேதி வரும், அதற்கு முன்னால் அந்தக் காகிதம் ஊருக்கு வந்து சேர வேண்டும். அதற்குள் முடியாவிட்டால், நிவாரணம் உங்கள் கணக்கில் ஏறினால் ஒரு போன் போட்டு, "அண்ணே, உங்க பணம் எங்கிட்ட வந்திருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி தம்பி தங்கைகளுக்கு. 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஓர் ஆங்கிலேயர் வந்தார். அவர் தம் மாணவர்களைச் சொந்த ஊருக்குப் போய், வீடு வீடாக, வயல் வயலாகக் கணக்கெடுத்து வரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதில் அன்றைய தஞ்சை மாவட்டத்திலிருந்து ஓர் ஊர் உண்டு, பாலக்குறிச்சி. அப்புறம் பல தடவை ஆராய்ச்சிக்காரர்கள் அந்த ஊர்களுக்குத் திரும்பிப் போய்க் கணக்கெடுத்திருக்கிறார்கள். நூறு வருஷத்து மாற்றத்தை இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது என்றால் அது சில மாணவர்கள் லீவில் ஊருக்குப் போனபோது செய்த வேலையால்தான்.

நீங்கள் தினமும் பஸ்ஸில் வருகிற ஊர்களில் இதைச் செய்யலாம். ஒரு வயல், பட்டா யார் பேரில், அவர் எங்கே இருக்கிறார், சாகுபடி யார், எத்தனை வருஷமாக, குத்தகை என்ன, காப்பீடு உண்டா, போன நிவாரணம் யாருக்குப் போயிற்று. அவ்வளவுதான் கேள்வி. சர்வே எண்ணை நெட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம். சாகுபடி யார் என்பதை மட்டும் வரப்பில் நின்று கேட்டால்தான் தெரியும். சில வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள், சில வீட்டில் "உனக்கு எதுக்கு?" என்பார்கள். இரண்டையும் எழுதிக் கொள்ளுங்கள். பேரை வெளியிடக் கூடாது, அது மட்டும் முக்கியம். இல்லாவிட்டால் குத்தகைக்காரர் வயலை இழப்பார்.

பொருளாதாரத் துறைத் தலைவரிடம் பேசியிருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்த பிறகு, மாசியில் ஓர் ஊரை மட்டும் எடுத்துத் தொடங்கலாம் என்கிறார். பன்னிரண்டு பேர் போதும். பஸ் செலவும் நோட்டுப் புத்தகமும் 1984-ஆம் வருஷத்து பி.ஏ. வகுப்பு நண்பர்கள் ஏற்றுக் கொண்டிருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டு மணி அடிக்கிறதற்குள் துறை அலுவலகத்தில் பேர் கொடுங்கள். சாப்பாட்டில் நம்ம ஊர் உளுந்து வடை உண்டு என்று கேள்வி. உளுந்து எந்த ஊரிலிருந்து வந்தது என்று மட்டும் சமையல்காரரைக் கேட்டு விடாதீர்கள்.